இங்கிலாந்துல வசந்தகாலத்துல ஒரு முழுநாள் நடை, பறவை பாக்கணும்னா எப்படி பிளான் பண்றது?

ஊர்சுத்தி:

வணக்கம் மக்களே. ஏப்ரல் கடைசியிலயோ மே முதல் வாரத்துலயோ நானும் தம்பியும் ஒரு முழுநாள் நடக்கலாம்னு இருக்கோம், தெற்கு இங்கிலாந்துல அந்த சுண்ணாம்புக் குன்றுகள் பக்கம், சவுத் டவுன்ஸ் வே இல்லன்னா ரிட்ஜ்வேன்னு ரெண்டு நீள நடைபாதை இருக்கே, அதுல ஏதாவது ஒரு துண்டு, 20 கிலோமீட்டர் வர்ற மாதிரி. நடக்கறது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனா எப்பவும் விறுவிறுன்னு போய் விறுவிறுன்னு வந்துருவோம், இந்த தடவை பறவை, மிருகம், பூச்சின்னு ஒழுங்கா பாத்துட்டு வரணும்னு ஆசை.

எனக்குத் தெரிஞ்ச பறவைன்னா ராபின், மேக்பை, மரப்புறா, அதோட கதை முடிஞ்சுது. காட்டுக்குள்ள போனா நாலாபக்கமும் சத்தம் கேக்குது, ஒண்ணாவது கண்ணுல படணுமே, அதான் இல்ல. அப்புறம் திறந்த வயல்ல போகும்போது தலைக்கு மேல ஒரு பாட்டு, மூச்சே விடாம போயிட்டே இருக்கு, அண்ணாந்து பாத்தா வெறும் வானம், அது என்னது? எத்தனை மணிக்குக் கிளம்பணும், பைனாகுலர் எது வாங்கறது, போன்ல ஆப் போட்டுட்டா போதுமா, பறவை தவிர வேற என்ன கண்ணுல படும், தம்பியோட நாயைக் கூட்டிட்டு வரலாமா, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

புதர்ப்பக்கம்:

முதல்ல அந்த வானத்துப் பாட்டு. அது ஸ்கைலார்க், நம்ம வானம்பாடிதான். தரையில இருந்து எழும்பி பாடிட்டே மேல மேல போகும், 50 மீட்டர் 100 மீட்டர்னு உசரத்துக்குப் போய் அங்கயே இறக்கையை அடிச்சுக்கிட்டு நிக்கும், சில சமயம் பல நிமிஷம் நிறுத்தாது. சத்தம் வர்ற இடத்துக்கு நேர் மேல தேடாம கொஞ்சம் கொஞ்சமா பைனாகுலரை நகர்த்தி மேகம் இருக்கற பக்கமா பாருங்க, நீல வானத்துல அந்தப் புள்ளியைப் பிடிக்கறது ரொம்ப கஷ்டம், வெள்ளை மேகத்துக்கு முன்னாடி வந்தா தெரிஞ்சுரும். கூடு தரையிலதான். ஆனா கூட்டுக்கு நேரா இறங்காது, தள்ளி எங்கயாவது இறங்கி புல்லுக்குள்ள நடந்து போகும், அதனால அது விழுந்த இடத்தைத் தேடிப் போறதுல பிரயோஜனம் இல்ல, போகவும் கூடாது.

இப்ப 20 கிலோமீட்டர் விஷயம். கோவிச்சுக்காதீங்க, பறவை பாக்கறதுக்கு அது நீளம் ஜாஸ்தி. மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் போறவங்க கண்ணுக்கு புறாவும் காக்காவும் தவிர எதுவும் மாட்டாது. நானெல்லாம் காலையில மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் போனாலே வேகம்தான். 20 நடந்தே தீரணும்னா நாளை சமமா பிரிக்காதீங்க. விடியல்ல இருந்து ஒரு எட்டரை ஒன்பது வரைக்கும் மரமும் புதரும் கலந்த இடத்துல அஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகாதீங்க. அப்புறம் வெயில் ஏறி சத்தம் குறைஞ்ச நேரத்துல மேல குன்றுமேல ஏறி தூரத்தை நடந்து தீத்துருங்க, அந்த நேரத்துலதான் பருந்து வகையறா சூடான காத்துல மேல ஏறும், வானம்பாடியும் நாள் பூரா பாடும், அதனால ஒண்ணும் நஷ்டமில்ல. சாயங்காலம் ஓடையோ குளமோ இருக்கற பக்கம் இறங்கற மாதிரி ரூட் போடுங்க. ஒரே மாதிரி காட்டுக்குள்ளயே 20 கிலோமீட்டர் போறதை விட, காடு, வேலிப்புதர், வயல், புல்வெளி, தண்ணின்னு மாறி மாறி வர்ற எட்டு கிலோமீட்டர் எவ்வளவோ மேல். அதுலயும் காட்டோட நடுவை விட ஓரம், காடு முடிஞ்சு வயல் ஆரம்பிக்கற அந்த விளிம்புலதான் கூட்டம் இருக்கும்.

விடியல்னா நிஜமாவே விடியல். மே முதல் வாரத்துல தெற்குப் பக்கம் சூரியன் அஞ்சரை வாக்குல வரும், பாட்டு அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுரும். பிளாக்பேர்ட், ராபின், சாங் த்ரஷ் எல்லாம் முதல்ல, ரென், டிட் வகையெல்லாம் கொஞ்சம் வெளிச்சம் வந்தப்புறம். இருட்டுல இரை தேட முடியாது, காத்து அடங்கி இருக்கறதால சத்தமும் தூரம் போகும், அதனால இது என் எல்லை, எனக்கு ஜோடி வேணும்னு கத்தறதுக்கு அதுதான் நல்ல நேரம்.

பைனாகுலர் 8x42 வாங்குங்க. எட்டு மடங்கு பெருசாக்கும், முன்னாடி கண்ணாடி 42 மில்லிமீட்டர், காலை மங்கல் வெளிச்சத்துக்கும் போதும், கையும் ஆடாது. கடைக்காரர் 10x, 12x-னு ஆசை காட்டுவார், குட்டிப் பறவை கிளைக்குக் கிளை தாவறதைத் துரத்தணும்னா பார்வை அகலமா இருக்கணும், பெருக்கம் ஏற ஏற அது சுருங்கிரும்.

விடியவெள்ளி:

புதர்ப்பக்கம் அண்ணை சொன்னதில எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. ஆனா கண்ணால பாக்கிறதைப் பற்றித்தான் கனக்கச் சொல்லியிருக்கிறார், ஏப்ரல் கடைசியில இலை தளிர்த்திட்டுது எண்டா காட்டுக்குள்ள பத்தில எட்டை காதாலதான் பிடிக்கோணும். தங்கச்சி, போறதுக்கு முன்னம் ஒரு அஞ்சாறு குரலை மட்டும் வடிவாப் பழகிக்கொண்டு போங்கோ, ஐம்பது வேண்டாம். கிரேட் டிட் "டீச்சர் டீச்சர் டீச்சர்" எண்டு ரெண்டு சுரத்தில அடிக்கும். சிஃப்சாஃப் தன்ர பேரையே சொல்லும், சிஃப் சாஃப் சிஃப் சாஃப் எண்டு ஒழுங்கில்லாம. சாங் த்ரஷ் ஒரு துண்டைப் பாடினா அதையே ரெண்டு மூண்டு தரம் திருப்பிச் சொல்லிப்போட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும், பிளாக்பேர்ட் அப்பிடித் திருப்பாது, அவசரமில்லாம ஆறுதலாப் பாடும். ரென் பத்துக் கிராம்தான் இருக்கும், ஆனா அந்தச் சத்தத்தைக் கேட்டா புறா அளவில ஏதோ ஒண்டு பத்தைக்குள்ள நிக்குது எண்டுதான் நினைப்பீங்கள். வயல் வேலியில மஞ்சள் தலையோட யெல்லோஹாமர் இருக்கும், அது ஒரே சுரத்தை கெதிகெதியா அடிச்சுப்போட்டு கடைசியில ஒண்டை நீட்டி இழுக்கும். இவ்வளவும் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் "தெரியாத சத்தம்" எண்டு தனியாத் தெரியத் தொடங்கும், அதுதான் முக்கியம், தெரியாததை மட்டும் தேடிப் போகலாம்.

ஆப் பற்றிக் கேட்டீங்கள். மெர்லின் நல்லது, அமெரிக்காவில கோர்னெல் பறவை ஆய்வுக்கூடம் செய்தது, 2021-ல இருந்து சத்தத்தைக் கேட்டே பேர் சொல்லும். ஆனா அது சொல்லுறது ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. ஸ்டார்லிங் மற்றப் பறவையளின்ர குரலை எடுத்துப் பாடும், ஜே கூட அப்பிடிச் செய்யும், அதுகளுக்கு ஆப்பை ஏமாத்துறது பெரிய வேலையே இல்லை. போன் பேர் காட்டினா உடன போனைப் பாக்காதேங்கோ, சத்தம் வந்த பக்கம் பாருங்கோ. வில்லோ வார்ப்ளரும் சிஃப்சாஃபும் ஆளைப் பாத்தா கிட்டத்தட்ட ஒண்டுதான், பெரிய ஆக்களே குழம்புவினம், ஆனா வாயைத் திறந்தா ஒரு சந்தேகமும் இல்லை, வில்லோ வார்ப்ளர் மேல தொடங்கி அப்பிடியே இறங்கி இறங்கித் தேய்ஞ்சு போகும்.

இன்னொண்டு, நீங்கள் சொல்லுற அந்த ரெண்டு கிழமைதான் வருசத்திலயே நல்ல நேரம். சிஃப்சாஃப் மார்ச் நடுப்பகுதியிலயே வந்திடும், ஸ்வாலோ ஏப்ரலில நிறைய வரும், அது தென்னாபிரிக்காவில இருந்து சகாராவையும் தாண்டி வாற ஆள், குக்கூ ஏப்ரல் நடுவுக்குப் பிறகு, ஸ்விஃப்ட் ஏப்ரல் கடைசி இல்லாட்டி மே முதல் கிழமை. இந்த ஸ்வாலோ, மார்ட்டின், ஸ்விஃப்ட் எல்லாம் ஒரே மாதிரித் தெரியுது எண்டு கனபேர் கேக்கிறவை. வால் நீளமாப் பிரிஞ்சு தொண்டை சிவப்பா இருந்தா ஸ்வாலோ, முதுகின்ர அடியில வெள்ளைத் திட்டு இருந்தா ஹவுஸ் மார்ட்டின், உடம்பு முழுக்கக் கறுப்பா அரிவாள் மாதிரி இறக்கையோட கீச்சிட்டுக்கொண்டு போனா ஸ்விஃப்ட். குக்கூ சத்தம் கேட்டா அண்டைக்கு நீங்கள் அதிர்ஷ்டக்காரர், தெற்கில இப்ப நல்லாக் குறைஞ்சு போச்சு. "குக்கூ" எண்டு கூப்பிடுறது ஆண் மட்டும்தான், பெட்டை தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு குமிழிச் சத்தம் போடும். ஜூன் மாசமே வளந்த குக்கூவெல்லாம் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போகத் தொடங்கிடும், குஞ்சை வளக்கிறது ரீட் வார்ப்ளரோ பிப்பிட்டோ டன்னக்கோதானே, அதுகளுக்கு இஞ்ச நிண்டு என்ன வேலை.

ஊர்சுத்தி:

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. டீச்சர் டீச்சர் சத்தம் எங்க வீட்டு ஜன்னல்லயே தினமும் கேக்குது, இவ்வளவு நாள் எதுன்னே தெரியாம இருந்தேன்! நாலரை மணிக்கு ஸ்பாட்ல இருக்கணும்னா தம்பியை எழுப்பறதே ஒரு தனி நடை, பாக்கலாம். நாய் பத்தி யாரும் சொல்லலையே? அப்புறம் மிருகம், பாம்பு எல்லாம்?

பச்சைக்கோடு:

நாய், ரூட், மிருகம் மூணுக்கும் நான் சொல்றேன், பறவைல இவங்க ரெண்டு பேரும் கில்லி, நான் கிட்ட வர முடியாது.

ரூட்டுக்கு ஆர்டினன்ஸ் சர்வே (இந்த ஊர் அரசு மேப் நிறுவனம்) போடற எக்ஸ்ப்ளோரர் மேப், 1:25,000 ஸ்கேல், ஆரஞ்சு அட்டை போட்டது, பேப்பர்லயும் கிடைக்கும் ஆப்லயும் இருக்கு. அதுல பச்சைல குட்டிக் குட்டிக் கோடா போறது பொது நடைபாதை, கொஞ்சம் நீளமான பச்சைக் கோடு குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பிரைடில்வே. களத்துல மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு பிரைடில்வே. பயிர் நடுவுல பாதை போனா தாராளமா போகலாம், அது உங்க உரிமை, ஆனா பாதையை விட்டு நகராதீங்க. வானம்பாடி, லாப்விங் ரெண்டுமே தரையில முட்டை வைக்கறதுங்க, லாப்விங் முட்டையெல்லாம் மண்ணு கலர்ல இருக்கும், மிதிச்சப்புறம்தான் தெரியும். உங்களைச் சுத்தி ஒரு லாப்விங் கத்திக்கிட்டே புரண்டு புரண்டு பறந்தா வேடிக்கை காட்டுதுன்னு நின்னு வீடியோ எடுக்காம சட்டுனு நகந்துருங்க, குஞ்சு பக்கத்துல எங்கயோ இருக்கு.

இதாலதான் நாய் விஷயம். 2000-ல வந்த சட்டப்படி திறந்த அணுகல் நிலம்னு, அதாவது பாதையை விட்டும் யாரும் நடக்கலாம்னு, மேப்ல குறிச்ச இடங்கள்ல மார்ச் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் ரெண்டு மீட்டருக்கு மேல போகாத கயித்துல நாயைப் பிடிச்சிருக்கணும், ஆடு மாடு பக்கத்துல இருந்தா வருஷம் பூரா அப்படித்தான். நடைபாதைல சட்டம் அவ்வளவு கறார் இல்ல, கட்டுப்பாட்டுல இருந்தா போதும்ங்கும், ஆனா இந்த சீசன்ல கயிறு போட்டே வாங்க. ஒண்ணே ஒண்ணு, கன்னோட நிக்கற மாடு நாயைப் பாத்து துரத்தி வந்தா கயித்தை விட்டுருங்க. நாய் ஓடித் தப்பிச்சுரும், நாம மாட்டிப்போம். என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா நாய் வேணவே வேணாம், மிருகம் பாக்கணும்ங்கறவங்க நாயோட போறது வீண், அதோட வாசம் போதும் எல்லாம் ஓடிரும்.

மிருகம்னா முதல்ல ஹேர், காட்டு முயல். குன்று மேல பெரிய வயல்ல மண்ணுக்கட்டி மாதிரி உக்காந்திருக்கும், பைனாகுலர்ல வயலை இடமிருந்து வலமா துழாவினாதான் கிடைக்கும். மார்ச் ஏப்ரல்ல ரெண்டு நின்னுக்கிட்டு குத்துச்சண்டை போடும், ரெண்டும் ஆண்னு நினைப்போம், பெரும்பாலும் அது பொண்ணு, கிட்ட வர்ற ஆணை "போடா"ன்னு அடிக்குது. இதுங்க வளை தோண்டாது, குட்டியும் முடியோட கண்ணு திறந்தே பிறக்கும், அதனால தனியா குட்டி கிடந்தா அனாதைன்னு நினைச்சு தூக்கிராதீங்க, அம்மா இருட்டினதும் வந்து பால் குடுக்கும். காட்டு ஓரத்துல விடியல்லயும் பொழுது சாயற நேரத்துலயும் ரோ மான் வெளிய வரும், பின்பக்கம் வெள்ளையா பளிச்சுனு இருக்கும். நாய் குரைக்கற மாதிரி காட்டுக்குள்ள ஒரே சீரா சத்தம் வந்தா பயப்படாதீங்க, அது மண்ட்ஜாக், இந்த ஊர் மான் கிடையாது, இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல வோபர்ன்ங்கற பெரிய எஸ்டேட்ல இருந்து வெளிய போய் பரவினது.

பாம்புன்னா ஆடர். காலை இளவெயில்ல தெற்கு பாத்த சரிவுல, புதர் ஓரத்துல சுருண்டு காயும், முதுகுல கருப்பு வளைவுக் கோடு. பிரிட்டன்ல விஷம் இருக்கற பாம்பு அது ஒண்ணுதான். நாம வர்ற அதிர்வு தெரிஞ்சாலே நழுவிரும், கை வைக்காம, மிதிக்காம இருந்தா அதால எந்தத் தொந்தரவும் இல்ல. தொல்லை தர்றது உண்மையிலயே உண்ணிதான், ஆளுங்க பாம்புக்குப் பயந்துட்டு உண்ணியை விட்டுருவாங்க. புல் உசரமா இருக்கற இடத்துல பேண்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கங்க, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்க. ஒட்டியிருந்தா உண்ணி எடுக்கற கொக்கியால தோலை ஒட்டி மெதுவா எடுங்க, நசுக்காதீங்க, எண்ணெய் ஊத்தறது, நெருப்பு வைக்கறது எல்லாம் வேணாம். அதுக்கப்புறம் சில வாரத்துல அந்த இடத்தைச் சுத்தி சிவப்பா வட்டம் பரவினா ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட போய் உண்ணி கடிச்சதைச் சொல்லுங்க, உண்ணியால வர்ற லைம் நோய்க்கு ஆரம்பத்துலயே மருந்து உண்டு.

பட்டாம்பூச்சி மத்தியானத்துக்கு. பத்து பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் வேலியோரமா எலுமிச்சை மஞ்சள்ல பறக்கறது பிரிம்ஸ்டோன், அது போன வருஷப் பூச்சி, குளிர்காலம் முழுக்க இலைக்குள்ள ஒளிஞ்சிருந்து வந்தது. இறக்கை நுனி ஆரஞ்சா இருந்தா ஆரஞ்சு டிப் ஆண். பொண்ணுக்கு அந்த ஆரஞ்சு இருக்காது, கார்லிக் மஸ்டர்ட் செடியில முட்டை வைக்கும், அந்தச் செடி பாதையோரம் எங்கயும் இருக்கும், பூக்காம்புல பாத்தீங்கன்னா குட்டியூண்டு ஆரஞ்சு முட்டை ஒண்ணு கிடைக்கும்.

புதர்ப்பக்கம்:

பச்சைக்கோடு சொன்னதுல லாப்விங் பத்தி ரொம்ப சரி. கூட ஒண்ணு சேத்துக்கறேன், போன்ல பறவைக் குரலைப் போட்டு கூப்பிடறதை தயவு செஞ்சு செய்யாதீங்க. எல்லைக்குள்ள எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது இரை தேடறதை விட்டுட்டு உங்க போனோட சண்டை போட வரும். 1981 வனவிலங்கு சட்டத்துல கூடுதல் பாதுகாப்பு குடுக்கற முதல் அட்டவணைல இருக்கற பறவைகளை, மீன்கொத்தி, பார்ன் அவுல், ரெட் கைட் மாதிரி, கூட்டுப் பக்கம் தொந்தரவு பண்றதே குத்தம்.

ரெட் கைட்னு சொன்னதும், அது ஒரு பருந்து வகை, ரிட்ஜ்வேயோட கிழக்குப் பாதி சில்டர்ன்ஸ் குன்றுகள் வழியா போகுது, அந்தத் துண்டை எடுத்தீங்கன்னா தலைக்கு மேலயே பாப்பீங்க. ஒரு காலத்துல இங்கிலாந்துல சுத்தமா ஒழிஞ்சு போய் வேல்ஸ்ல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, 1989-ல ஆரம்பிச்சு வெளிநாட்டுல இருந்து, இந்தப் பக்கத்துக்கு பெரும்பாலும் ஸ்பெயின்ல இருந்து, குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாங்க, இப்ப சில வயல்ல உழுற டிராக்டர் பின்னாடியே கூட்டமா வரும். வால் கத்தரிக்கோலாட்டம் பிளந்திருந்தா கைட், விசிறியாட்டம் உருண்டையா இருந்தா பஸ்ஸர்ட், ஒரே இடத்துல இறக்கையடிச்சு தொங்கிட்டு நின்னா கெஸ்ட்ரல். இந்த மூணு போதும் முதல் நாளைக்கு.

வானம்பாடி எங்க அதிகம்னு அடுத்து கேப்பீங்க. முன்னெல்லாம் கோதுமை, பார்லி வசந்தத்துல விதைச்சாங்க, பயிர் குட்டையா இருக்கும், கூடு கட்ட சவுகரியம். இப்ப இலையுதிர் காலத்துலயே விதைச்சுடறதால மே மாசம் பயிர் அடர்த்தியா உசந்து நிக்குது, ரெண்டாவது தடவை கூடு கட்ட இடமே இல்ல, வயல்கள்ல எண்ணிக்கை சரிஞ்சதுக்கு அதுதான் பெரிய காரணம். சில விவசாயிங்க வயல் நடுவுல சின்னச் சின்ன திட்டு விதைக்காம விடறாங்க, மேல இருந்து பாத்தா தெரியும். அந்த மாதிரி வயல், இல்லன்னா ஆடு மேயற பழைய சுண்ணாம்புப் புல்வெளி, ரெண்டுல எது உங்க ரூட்ல வருதோ அங்க கொஞ்ச நேரம் உக்காருங்க.

விடியவெள்ளி:

உக்காருறது எண்டதை நானும் சொல்லத்தான் நினைச்சனான். பத்து நிமிசம் ஒரு இடத்தில அசையாம இருந்தா, நீங்கள் வந்த சத்தத்துக்கு ஒளிச்சதெல்லாம் திரும்ப வெளிய வரும். நைட்டிங்கேல் கேக்க ஆசையெண்டா அதுக்கு வேற இடம் பாக்கோணும், முள்ளுப் பத்தை அடர்ந்த இடம், மேற்கு சசெக்ஸில நெப் எண்டு ஒரு பழைய பண்ணை, வேளாண்மையை விட்டுப்போட்டு நிலத்தைத் தன்பாட்டில வளர விட்டவை, அங்க ஏப்ரல் கடைசியில இருந்து மே வரைக்கும் நல்லாப் பாடும், பகலிலயும்தான். 2020-ல அங்க வெள்ளை நாரை குஞ்சும் பொரிச்சுது, இந்த நாட்டில காட்டில அப்பிடி நடந்து பல நூறு வருசம். ஆனா இதை அந்த 20 கிலோமீட்டரோட சேக்காதேங்கோ, அது தனி நாள்.

ஊர்சுத்தி:

சரி முடிவு பண்ணியாச்சு. சில்டர்ன்ஸ் பக்க ரிட்ஜ்வே, 20-ஐ 13 ஆக்கியாச்சு, நாய் வீட்டுல. தம்பி "13-க்கு எதுக்கு நாலரைக்கே அங்க நிக்கணும்"னு கேக்கறான், இந்தப் பக்கத்தை அப்படியே அவனுக்கு அனுப்பி விட்டேன். ஒரே ஒரு டவுட், மழை பேஞ்சா தள்ளிப் போடறதா?

புதர்ப்பக்கம்:

தூறல்னா போங்க, மழை நின்ன உடனே எல்லாம் ஒண்ணா பாட ஆரம்பிக்கும். காத்து பலமா இருந்தாதான் தள்ளிப் போடுங்க, ஒண்ணும் கேக்காது, பறவையெல்லாம் புதருக்குள்ள அடியில போய் பம்மிரும்.